பதினாறு வயதுப் பையனைப் பெரியவர்கள் கோர்ட்டில் நிறுத்தலாமா?

மார்த்தாண்டம் வாசகர், ஆகஸ்ட் 2, மாலை
அமெரிக்காவில் பன்னிரண்டு வயதுப் பையனைக்கூடப் பெரியவர்கள் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். நம்ம நாட்டில் பதினேழு வயதுத் தடியன் ஆளை வெட்டினாலும் மூணு வருஷம், அதுவும் இல்லத்தில் சோறும் டிவியுமாக. வெட்டத் தெரிந்தவனுக்குத் தண்டனை அனுபவிக்கவும் தெரியும். வயதைப் பதினாலாகக் குறைக்க வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 2, இரவு
தலைமையாசிரியராக இருந்த நான் மறுக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விளக்கம். "எது செய்தாலும் மூணு வருஷம்" என்பது பழைய சட்டம். 2012 டிசம்பரில் டெல்லி பஸ்ஸில் நடந்த கொடூரத்தில் பிடிபட்ட ஆறு பேரில் ஒருவனுக்குப் பதினெட்டு முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. 2013 ஆகஸ்டில் அவனுக்கு மூன்று வருடம் சிறப்பு இல்லம் என்று தீர்ப்பானது. 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்த இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 2016 ஜனவரி 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அதன்படி, பதினாறு முடிந்து பதினெட்டு ஆகாதவன் கொடுங்குற்றத்தில் சிக்கினால் இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். குழுமம் என்றால் ஒரு மாஜிஸ்திரேட், கூட இரண்டு சமூகப் பணியாளர்கள், அதில் ஒருவராவது பெண். மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அந்தக் குற்றத்தைச் செய்யும் மனவலிமை, உடல்வலிமை இருந்ததா, விளைவு புரிந்திருந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று பார்த்துவிட்டு, குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே அவனைப் பெரியவனாகவே விசாரிக்கலாம். தூக்கும், வெளியே வர வழியே இல்லாத ஆயுளும் மட்டும்தான் கொடுக்கக்கூடாது. பாக்கி எல்லாம் கொடுக்கலாம்.

ஆக, நீங்கள் திறக்கச் சொல்கிற கதவு பதினாறு வயதுக்காரர்களுக்கு ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது. அதை மூட வேண்டும் என்பது என் பக்கம்.

ஆகஸ்ட் 3, காலை
புனே கார் விஷயத்தைக் கேட்ட தம்பிக்கு. 2024 மே மாதம் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். சில மணி நேரத்தில் ஜாமீன், விபத்து பற்றி முந்நூறு வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்று நிபந்தனை. படித்தபோது எனக்கும் வயிறு எரிந்தது.

ஆனால் சட்டத்தைப் பாருங்கள். கொடுங்குற்றம் என்றால் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடம் இருக்க வேண்டும். அதிகபட்சம் எவ்வளவு இருந்தாலும், குறைந்தபட்சம் என்று ஒன்று சொல்லப்படாத குற்றம் அந்தக் கணக்கில் வராது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்து நடந்தபோது இருந்த பழைய தண்டனைச் சட்டத்தில், கொலையாகாத மரணத்துக்கான பிரிவில் அப்படிக் குறைந்தபட்சம் கிடையாது. 2025 ஜூலையில் அங்குள்ள குழுமம் அவனைச் சிறுவனாகவே விசாரிக்க முடிவு செய்தது. அந்த வழக்கில் என்னை அதிகம் உறுத்துவது ரத்த மாதிரியை மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டுதான். அதற்காகக் கைதானவர்கள் எல்லாரும் நன்றாக வளர்ந்த மனிதர்கள்.

ஆகஸ்ட் 3, இரவு
"டீச்சருக்கு இதில் என்ன அனுபவம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தேன். ஒரு வருடம், என்னிடம் படித்த பையன் ஒருவன் கொலை வழக்கில் பிடிபட்டான். சட்டத்தின் 74-ஆம் பிரிவு அவன் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்கிறது. அது இல்லாவிட்டாலும் நான் சொல்ல மாட்டேன். ஊரும் வருடமும் கேட்காதீர்கள்.

அம்மன் கோவில் கொடைத் திருவிழா. ஆடி மாதம். வில்லுப்பாட்டு முடிந்து பந்தல் பிரிக்கிற நேரத்தில் இரண்டு தெருக்காரர்களுக்குள் வாய்த்தகராறு முற்றிப் பந்தல் கம்பால் அடித்துக்கொண்டார்கள். தலையில் அடிபட்ட இளைஞன் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். இறந்தவனும் என்னிடம் படித்தவன்தான். இதை எழுதாமல் விட்டால் நான் ஒரு பக்கத்துக்காக மட்டும் பேசுகிறேன் என்றாகிவிடும்.

காவல் நிலையத்தில் பையனின் வயதை 19 என்று எழுதியிருந்தார்கள். அவன் நல்ல உயரம், மீசையும் அரும்பியிருந்தது. பார்த்தவர் எழுதிவிட்டார். பிறகு நன்னடத்தை அலுவலர் பள்ளிக்கு வந்தபோதுதான் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தேன்.

ஆகஸ்ட் 4, காலை
சேர்க்கைப் பதிவேடு என்னவென்று வெளிநாட்டில் இருக்கிற ஒரு தம்பி கேட்டதால் கொஞ்சம் விரிவாக. பெரிய தடித்த அட்டை, இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே வரி. பெயர், தகப்பன் பெயர், தொழில், பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும், சேர்ந்த வகுப்பு, விலகிய தேதி, கடைசியில் குறிப்பு. அடித்துத் திருத்தினால் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும்.

எங்கள் பள்ளியின் பழைய பதிவேடுகளில் பாதிப் பிள்ளைகள் மே மாதத்தில் பிறந்திருப்பார்கள். உங்களில் பலருக்கும் சான்றிதழில் ஒரு பிறந்த நாள், வீட்டில் ஒரு பிறந்த நாள் இருக்குமே, அதே கதைதான். ஒன்றாம் வகுப்பில் சேர ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். செப்டம்பரில் பிறந்த பிள்ளையை ஒரு வருடம் வீட்டில் வைத்திருக்க வேலைக்குப் போகிற தாயால் முடியாது. "மே இருபதுன்னு போடுங்க சாரே" என்பார்கள். வாத்தியாரும் போடுவார். பிள்ளைக்கு ஒரு வருடம் மிச்சம் என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

இந்தப் பையனுக்கும் அப்படித்தான். பதிவேட்டில் மே மாதம். அம்மா சொல்வது ஓணம் கழிந்த மறு வாரம். பஞ்சாயத்துப் பிறப்புச் சான்றிதழிலும் செப்டம்பர்தான். பதிவேட்டின்படி கொடை நடந்த அன்று அவனுக்குப் பதினாறு முடிந்து இரண்டு மாதம். அம்மாவின் கணக்கில் பதினாறுக்கு இன்னும் சில வாரங்கள் பாக்கி.

பதினாறு ஆகவில்லை என்றால் மதிப்பீடு என்ற பேச்சே எழாது. சட்டம் முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றை. அது இல்லாவிட்டால்தான் பஞ்சாயத்துச் சான்றிதழ், அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைக்க யாரோ எழுதின தேதி, பதினோரு வருடம் கழித்து அவனைப் பெரியவர்கள் கோர்ட்டின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆகஸ்ட் 4, மதியம்
"அதெல்லாம் கடைசியில் கோர்ட் சரி செய்துவிடும்" என்று எழுதிய அண்ணாச்சிக்கு: எத்தனை வருடத்தில் என்று பாருங்கள்.

1994-ல் புனேயில் ஒரே வீட்டில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ராஜஸ்தான்காரர் ஒருவருக்கு 1998-ல் தூக்கு விதித்தார்கள். மேல்முறையீடு, சீராய்வு எல்லாவற்றிலும் தோற்றார். குற்றம் நடந்தபோது அவருக்குப் பன்னிரண்டரை வயதுதான் என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது 2023 மார்ச்சில். விடுதலை செய்யச் சொன்னார்கள். அதற்குள் 28 வருடத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார். அவரைக் காப்பாற்றியது எது தெரியுமா? ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. வழக்கில் ஒரு பெயர், பள்ளியில் வேறு பெயர் என்பதால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே பெரும்பாடு பட்டிருக்கிறார்கள்.

பன்னிரண்டரை வயதுப் பையனைப் பெரியவனாக விசாரித்துத் தூக்கும் விதித்த நாடு நம்முடையது. அமெரிக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 5, இரவு
சரி, அமெரிக்கா. மார்த்தாண்டம் நண்பர் சொன்ன பன்னிரண்டு வயதுப் பையன் புளோரிடாவைச் சேர்ந்த லயோனல் டேட் ஆக இருக்கலாம். 1999-ல் ஆறு வயதுச் சிறுமியை அடித்துக் கொன்றான். டிவியில் பார்த்த மல்யுத்தம் போல விளையாடியதாக அவன் தரப்பு சொன்னது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் மூன்று வருடம் சிறார் காவல் என்று அரசுத் தரப்பு பேசிப் பார்த்தது. அம்மா மறுத்துவிட்டார். 2001-ல் பரோல் இல்லாத ஆயுள். ஒரு பக்கம் மூன்று வருடம், மறு பக்கம் சாகும்வரை சிறை. இந்தப் பேரம் என்னவென்று அந்தப் பையனுக்குப் புரிந்ததா என்று யாரும் சோதிக்கவில்லை. அந்தக் காரணத்துக்காகவே 2003-ல் மேல் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது.

இன்னும் பின்னால் போனால் தெற்குக் கரோலினாவின் ஜார்ஜ் ஸ்டின்னி. பதினாலு வயதுக் கறுப்பினச் சிறுவன். 1944-ல் ஒரே நாளில் விசாரணை, வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி பத்து நிமிடத்தில் முடிவு சொன்னது. மின்சார நாற்காலியின் பட்டைகள் அவன் கைகால்களுக்குப் பெரிதாக இருந்தன. எழுபது வருடம் கழித்து, 2014-ல், அந்தத் தீர்ப்பே செல்லாது என்றார்கள். அதே 1944-ல் நம்ம மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலம். அவரைப் பற்றி நம்ம ஊரில் நல்ல வார்த்தை சொல்பவர்கள் குறைவு. ஆனால் அந்த வருடம்தான் திருவிதாங்கூர் தூக்குத் தண்டனையையே எடுத்தது.

ஆகஸ்ட் 6, காலை
"உங்கள் லயோனல் டேட் வெளியே வந்து என்ன செய்தான் என்பதையும் எழுதுங்கள்." எழுதுகிறேன். 2005-ல் பீட்சா கொண்டுவந்தவரைத் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்தான். முப்பது வருடத் தண்டனை வாங்கினான். அவன் திருந்தினான் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆளை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பேசலாம், அதனால் அவனை விட்டுவிடுவோம். அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2007-ல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டது. பெரியவர்கள் கோர்ட்டுக்கு மாற்றப்பட்ட சிறார்கள், சிறார் நீதிமன்றத்திலேயே இருந்தவர்களைவிட வன்முறைக் குற்றத்தில் மறுபடி கைதாவது அதிகம் என்று அதில் இருக்கிறது. பயமுறுத்தித் திருத்தலாம் என்பவர்கள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 8, இரவு
நாகர்கோவிலில் குழுமத்தின் முன்னால் பதிவேட்டோடு போன நாளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

பையனை, விசாரணை முடியும்வரை சிறார்களை வைத்திருக்கிற திருநெல்வேலி கூர்நோக்கு இல்லத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர், கையில் விலங்கு இல்லை. பையன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். முதலில் அவன் கேட்டது வழக்கைப் பற்றி அல்ல. "டீச்சர், அப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும். வடக்குத் தோட்டத்துல சிரட்டையைக் கவுத்திப் போடல. மழ பெஞ்சிருக்கும்." அவன் விடியற்காலையில் அப்பாவோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டுப் பள்ளிக்கு வருகிறவன். பால் வடிகிற சிரட்டையில் மழைத்தண்ணீர் விழுந்தால் பால் கெட்டுவிடும். அதுதான் அவன் கவலை.

அப்புறம் கேட்டான்: "மூணு வருஷம்னா, பிளஸ் டூ பரீட்சைக்கு வந்துரலாமா?"

அவன் பெரியப்பா மகன் ஒருவன் இருக்கிறான். இருபத்தைந்து வயதுக்கு மேல். "நீ சின்னப் பையன், நீதான் அடிச்சேன்னு சொல்லு, மூணு வருஷத்துல வந்துருவ" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான். பையனும் கேட்டவர்களிடமெல்லாம் "நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டபோது, கம்பு தன் கையில் இருந்தது உண்மை, தலையில் யார் அடித்தது என்று தெரியாது என்றான்.

உள்ளே ஒரு அறையில், மேஜைக்கு எதிரில் உட்கார வைத்துப் பேசினார்கள். அன்பாகத்தான் பேசினார்கள், அதில் எனக்குக் குறையே இல்லை. அடித்தால் செத்துப்போவார்கள் என்று தெரியுமா? தெரியும். அது தப்பு என்று தெரியுமா? தெரியும். எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னான். வகுப்பிலும் கேள்வி கேட்டால் சரியாகச் சொல்கிற பையன்தான்.

ஆகஸ்ட் 9, காலை
நேற்று சொல்ல வந்ததை முடிக்காமல் தூங்கப் போய்விட்டேன்.

பதினொன்றாம் வகுப்புப் பையனைத் தனியாக என் அறைக்குக் கூப்பிட்டு, ஓடுகிற பஸ்ஸில் படியில் தொங்கினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வான். விழுந்த அண்ணன் ஒருவனின் பெயரையும் சொல்வான். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் போய்ப் பாருங்கள். நாலு கூட்டாளிகள் ஏறிவிட்டால் அவனும் ஓடிப்போய்த் தொங்குவான். பொய் சொல்கிறவன் இல்லை. என் அறையில் சொன்னது நிஜம், பஸ்ஸில் தொங்குவதும் நிஜம். கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நிறுத்திக்கொள்ள அந்த வயதில் வராது. வயதாக ஆக வரும், எங்களிடம் படித்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது.

முதற்கட்ட மதிப்பீடு அமைதியான அறையில், தனியாக, மாதங்கள் கழித்து நடக்கிறது. குற்றம் நடந்தது நடு இரவில், கூட்டத்தில், மேளச் சத்தத்தில். அறையில் உட்கார்ந்திருக்கிற பையனை அளந்து பந்தலில் நின்ற பையனைப் பற்றி எழுதுகிறார்கள். எவ்வளவு படித்த மனநல மருத்துவர் வந்தாலும் இது மாறாது. 2022-ல் உச்ச நீதிமன்றம், குழுமத்தில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லாவிட்டால் நிபுணர் உதவி கட்டாயம் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அளக்க முடியாத ஒன்றை நிபுணர் மட்டும் எப்படி அளப்பார்?

இன்னொன்று. அவன் செய்தானா என்பதே அந்தக் கட்டத்தில் முடிவாகியிருக்காது. அதற்குள் "செய்தபோது உனக்கு என்ன புரிந்தது" என்று கேட்க வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன 2022 தீர்ப்பு, 2017-ல் குர்கான் பள்ளியில் ஏழு வயதுக் குழந்தை கொல்லப்பட்ட வழக்கில் வந்தது. அந்த வழக்கில் முதலில் பஸ் கண்டக்டரைப் பிடித்துக் குற்றவாளி என்றார்கள். பிறகு சி.பி.ஐ. வந்து, அவர் இல்லை, பதினொன்றாம் வகுப்பு மாணவன் என்றது. போலீஸ் சொல்வதை வைத்தே மனதை அளக்கத் தொடங்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

ஆகஸ்ட் 9, இரவு
நாங்குநேரி. இதை யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஆரல்வாய்மொழி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஊர், 2023-ல் இதே ஆகஸ்ட் 9. பிளஸ் டூ படிக்கிற தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அவர்களையும் குழந்தை என்பீர்களா என்று கேட்கிறீர்கள்.

சொல்கிறேன், நெஞ்சு கனக்கத்தான் சொல்கிறேன். வெட்டுப்பட்ட பையனின் படத்தைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. வெட்டியவர்கள் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும், அடைபட்டிருக்க வேண்டும், செய்தது என்னவென்று முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும். ஆனால் பதினேழு வயதுக்கு அந்த வெறி தானாக வராது. கையில் எந்தக் கலரில் கயிறு கட்ட வேண்டும், யார் முன்னால் தலை நிமிரக்கூடாது என்று வீட்டிலும் தெருவிலும் சொல்லிக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பையன்களைப் பெரியவர்களாக விசாரித்துவிட்டால் அந்த நிஜமான பெரியவர்கள் சாட்சிப் பட்டியலில்கூட இருக்க மாட்டார்கள். பள்ளிகளில் சாதிப் பிரிவினையைப் போக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வரைக்கும் எழுதியிருக்கிறது. அதைப் படித்தால் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு வேலை பாக்கி கிடக்கிறது என்பது தெரியும்.

ஆகஸ்ட் 10
"சட்டம் மென்மையாக இருப்பதால்தான் பெரியவர்கள் சின்னப் பையன்களைப் பயன்படுத்துகிறார்கள்." உண்மைதான், என் மாணவனுக்கு நடந்ததே அதுதான். அதற்கான பிரிவும் இதே சட்டத்தில் இருக்கிறது: குழந்தையைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்துகிற பெரியவருக்கு ஏழு வருடம் வரை கடுங்காவல், ஐந்து லட்சம் அபராதம். பிரிவு 83. இதைப் போட்டார்கள் என்று நம்ம பக்கத்துப் பத்திரிகையில் நான் படித்த ஞாபகமே இல்லை.

ஆகஸ்ட் 11, இரவு
இறந்தவனின் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கை வரவில்லை.

முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறவர். மகன் இறந்த பிறகு ஒரு மாதம் வேலைக்குப் போகவில்லை. நான் பதிவேட்டோடு நாகர்கோவில் போனது ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அவன் வயசப் பாக்கதுக்கு நீங்க புக்கத் தூக்கிட்டு அம்புட்டு தூரம் போனீங்க. எம்மவன் வயச யாரு டீச்சர் பாத்தா?" என்றார்.

அவர் மகனின் வரியும் அதே மாதிரிப் பதிவேட்டில், நாலைந்து வருடம் முந்திய புத்தகத்தில் இருக்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

அவர் கோபம் மூன்று வருடமா முப்பது வருடமா என்பதில் இருக்கவில்லை. பேசப் பேசத்தான் புரிந்தது. அன்று ராத்திரி என்ன நடந்தது, யார் முதலில் கை வைத்தார்கள், மகன் ஏதாவது சொன்னானா, பையன் என்ன சொல்கிறான், எதுவுமே அவருக்கு யாரும் சொல்லவில்லை. குழுமத்தின் அறை மூடின அறை. அது பையனுக்காக மூடியது, சரி. ஆனால் இந்தத் தாய் வெளியே நிற்கிறார். குர்கானில் குழந்தையைப் பறிகொடுத்த தகப்பன் வக்கீல் வைத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். முந்திரி ஆலைத் தொழிலாளி எங்கே போவார்?

இந்த இடத்தில்தான் எனக்கு மறுயோசனை. பெரியவர்கள் கோர்ட் கேட்கிறவர்களை நான் வெறும் பழிவாங்கல்காரர்கள் என்று நினைத்ததில்லை. பெரியவர்கள் கோர்ட்டில் கதவு திறந்திருக்கும், சாட்சி பேசுவதைக் காதால் கேட்கலாம், தீர்ப்பைப் பேப்பரில் படிக்கலாம். அவர்கள் கேட்பதில் பாதி அதுதான். அதைக் குழுமமே செய்யலாம். பையன் பெயர் வெளியே போகாமல், அந்தத் தாயை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கண்டுபிடித்ததைச் சொல்லலாம். அவர் கேட்க நினைப்பதைக் கேட்க விடலாம். பையனும் பதில் சொல்லட்டும். பதினாறு வயதுப் பையனுக்குச் சிறையைவிட அது கஷ்டமாக இருக்கும், நன்மையும் அதிகம்.

ஆகஸ்ட் 13
மேலே எழுதியதற்குத் தொடர்ச்சி. 1993-ல் இங்கிலாந்தில் இரண்டு பத்து வயதுப் பையன்கள் இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றார்கள். பிரெஸ்டன் நகரத்தில் பெரியவர்களின் கோர்ட்டிலேயே விசாரணை. கூண்டுக்குள் நின்றால் எதுவும் தெரியாத உயரம் அவர்களுக்கு. அதனால் தரையை உயர்த்திக் கொடுத்தார்கள். கூட்டம் நிறைந்த அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்றே அவர்களால் பின்தொடர முடியவில்லை, அது நியாயமான விசாரணையே அல்ல என்று 1999-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. இங்கிலாந்துக் கொலைக்கு மறு வருடம், 1994-ல், நார்வேயில் ஐந்து வயதுச் சிறுமி செத்துப்போனாள். அடித்தவர்கள் ஆறு வயதுப் பையன்கள். கோர்ட் இல்லை. பெயர் வெளியாகவில்லை. அவர்கள் மறுபடி மழலையர் பள்ளிக்குப் போனார்கள்.

பத்து வயதும் ஆறு வயதும் ஒன்றல்ல என்று சொல்வீர்கள், சரிதான். நம்ம நாட்டிலும் ஏழு வயதுக்குக் கீழே எது செய்தாலும் குற்றமே இல்லை, ஏழிலிருந்து பன்னிரண்டு வரை விவரம் தெரியாமல் செய்தால் குற்றம் இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் 82, 83. இப்போதைய நியாய சன்ஹிதாவில் 20, 21.

ஆகஸ்ட் 15, மாலை
"அப்போ மூணு வருஷம் போதும் என்கிறீர்களா டீச்சர்?" இரண்டு நாளாக இதையே யோசித்தேன்.

எல்லாருக்கும் போதும் என்று சொல்ல மாட்டேன். திட்டம் போட்டு ஒரு பெண்ணைச் சிதைத்த பதினேழே முக்கால் வயதுக்காரன் இருபத்தொன்றுக்குள் வெளியே வருவது எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. 2013 ஜனவரியில், பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு, டெல்லிச் சம்பவத்தின் சூடு ஆறும் முன்பே, வயதைக் குறைக்க வேண்டாம் என்றது. அதே அறிக்கை நம்ம இல்லங்களின் நிலைமையையும் கடுமையாகச் சொன்னது. தேவைப்படுகிறவனை இருபத்தொன்றுக்கு மேலும் சிறார் அமைப்பிலேயே, படிப்போடும் வைத்தியத்தோடும் வைத்திருக்கச் சட்டம் திருத்துங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கோர்ட்டை மாற்றாதீர்கள்.

இல்லங்களைப் பற்றி "சோறும் டிவியும்" என்றீர்கள். 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் திருட்டு வழக்கில் கொண்டுவரப்பட்ட பதினேழு வயதுப் பையன் அடிபட்டுச் செத்தான். இல்லத்து ஊழியர்களே கைதானார்கள். சுகவாசம் என்று இனி யாரும் எழுத வேண்டாம், கேட்டுக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 16
குளச்சல் தம்பி கேட்டது: பெரியவனாக விசாரித்தால் பிறகு பாஸ்போர்ட், வளைகுடா வேலை? நம்ம மாவட்டத்துக்கு இது முக்கியம். சிறுவனாக விசாரிக்கப்பட்டவனுக்கு அந்தத் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் வராது, காலம் கழிந்ததும் ஆவணங்களையும் அழித்துவிட வேண்டும். பிரிவு 24. பெரியவனாக விசாரிக்கப்பட்டவனுக்கு இந்தச் சலுகை இல்லை, ஆவணம் அப்படியே இருக்கும். போலீஸ் சான்றிதழ் கேட்கிற வேலைக்கு அவன் போக முடியாது. வெளியே போய்ப் பிழைக்கிற ஊரில் இதுவும் ஆயுள் தண்டனைதான்.

என் மாணவனின் வழக்கைக் குழுமம் தன்னிடமே வைத்துக்கொண்டது. அவன் இப்போது வேலை செய்து சாப்பிடுகிறான். அதற்கு மேல் எழுதினால் ஊர் கண்டுபிடித்துவிடும். இறந்தவனின் அம்மாவை மாதத்தில் ஒரு தடவையாவது சந்தையில் பார்க்கிறேன். பேசுவார், முன்பு போல இல்லை.

ஆகஸ்ட் 18
தனிச் செய்தியில் ஒரு தாய் கேட்டிருக்கிறார், மகனைக் கூட்டிப்போயிருக்கிறார்களாம். எல்லாருக்கும் உதவும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

பையனை லாக்கப்பில் வைக்கக்கூடாது. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன்னால் நிறுத்த வேண்டும். பள்ளிச் சான்று, பஞ்சாயத்துப் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி வேறுபட்டால் ஏன் வேறுபட்டது என்று பள்ளியில் எழுதி வாங்குங்கள். வயதை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், தீர்ப்பு வந்த பிறகும்கூட. குழந்தைகளுக்கு வக்கீல் இலவசம், நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100. குழந்தைகள் உதவி எண் 1098. மகனிடம், நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லுங்கள், யாருக்காகவும் ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். பள்ளியில் சான்று தர இழுத்தடித்தால் எனக்கு எழுதுங்கள், தலைமையாசிரியரிடம் நான் பேசுகிறேன்.